ஓக் மரத்து வளைவு

காலை ஏழு மணிக்கே திடல் நிரம்பிவிட்டது. கார்களின் கதவுகளும் டிக்கிகளும் திறந்து கிடக்கின்றன. இங்கே முதல் வேலை, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துப் போடுவது. தளர்வாக எந்தப் பொருளும் காருக்குள் இருக்கக் கூடாது. ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டுபோய் பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் போதும், காரியம் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு காருக்குப் பக்கத்திலும் ஒரு தார்ப்பாய், அதன்மேல் ஒரு குவியல்.

கார்களைப் பார்ப்பதற்கு முன் நான் இந்தக் குவியல்களைத்தான் பார்த்தேன். சிவப்பு மஸ்டாங்கின் பக்கத்தில் கால்மிதி, குடை, போன் சார்ஜர், கல்லூரி அடையாள அட்டை. கறுப்பு சேலஞ்சரின் பக்கத்தில் ஒரு குழந்தை இருக்கை. அதன் மடிப்பில் பிஸ்கட் தூள். வெள்ளிநிறக் கமாரோவின் பக்கத்தில், மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் போடும் நீலச் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. திங்கட்கிழமை காலை இதே கார்கள்தான் இவர்களை வேலைக்குக் கொண்டுபோய் விடும்.

வர்ஜீனியா மாநிலத்தின் தெற்கு விளிம்பில், வட கரோலினா எல்லையை ஒட்டி, டான் ஆற்றங்கரையில் ஆல்டன் என்றொரு சிற்றூர். அங்கேதான் வர்ஜீனியா இன்டர்நேஷனல் ரேஸ்வே இருக்கிறது. 1957-ல் திறந்தார்கள். 1974-ல் மூடினார்கள். கால் நூற்றாண்டு மாடு மேய்ந்த இடம், 2000-ல் மறுபடியும் ஓடுதளமானது. முழுச் சுற்று 5.26 கிலோமீட்டர்; 17 வளைவுகள்; ஏற்றமும் இறக்கமுமாக மரங்களுக்கு நடுவே போகிறது. திறந்த ஆண்டில் முதன்மைப் பந்தயத்தை மாசராட்டி ஓட்டி வென்றவர் கரோல் ஷெல்பி. பிறகு அவரே ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங்கை எடுத்துப் பந்தயத்துக்கு ஏற்றபடி செதுக்கினார். 1965-ல் வந்த அந்த ஜிடி350-யின் வாரிசுகள் சில இன்று இந்தத் திடலில் நிற்கின்றன, பின்புறத்தில் நாகப்பாம்பு முத்திரையோடு.

ஆனால் இன்று பந்தயம் இல்லை. கடிகாரம் வைத்து யாரும் நேரம் பார்ப்பதில்லை. கோப்பை கிடையாது. சொந்தக் காரை வேகமாகவும் ஒழுங்காகவும் ஓட்டக் கற்றுக்கொள்ளும் நாள் இது. அமெரிக்கா முழுக்க வார இறுதிகளில் இப்படி நடக்கிறது. பணம் கட்டிப் பெயர் கொடுத்தால், புதியவர், பழகியவர், தேர்ந்தவர் என்று பிரித்து, ஆளுக்கு இருபது நிமிடம், அரை மணி நேரம் என்று முறை வைத்து விடுகிறார்கள்.

மஸ்டாங், சேலஞ்சர், கமாரோ போன்றவற்றை மசில் கார் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்குச் சினிமா ஞாபகம்தான் வரும். புகை, உறுமல், நேர்ச்சாலையில் ஒரு பாய்ச்சல். 1964 மாடலாகப் பாண்டியாக் ஜிடிஓ-வும், அந்த ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங்கும் வந்ததிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெரிய எஞ்சின், எட்டக்கூடிய விலை, நேராக ஓடுவதில் சூரப்புலி, திருப்பத்தில் தடுமாற்றம். அதில் உண்மை இருந்தது. பெரும்பாலான மஸ்டாங்குகளில் 2014 வரை பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பிணைந்திருந்தன. ஒரு பக்கம் குழியில் இறங்கினால் மறுபக்கமும் ஆடும். 2015-ல்தான் சக்கரத்துக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் எல்லா மஸ்டாங்குக்கும் வந்தது. மறு ஆண்டு கமாரோ, எடை குறைந்த புது உடற்கட்டுக்கு மாறியது. அதற்கும் முன்பே, 2014-ல், செவ்ரலே ஒரு கமாரோவைத் தடத்துக்கென்றே செய்தது. எடையைக் குறைக்க ஏசியைக்கூட விருப்பத் தேர்வாக்கிவிட்டார்கள். இவையெல்லாம் வளைவு தெரிந்த கார்கள். ஓட்டுபவருக்கு வளைவு தெரியுமா என்பதுதான் இன்றைய கேள்வி.

சோதனை மேசைக்கு முன் வரிசை. பானெட்டைத் திறந்து பேட்டரி அசைகிறதா என்று பார்க்கிறார் ஒருவர். சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். பிரேக் பேட் எவ்வளவு மிச்சம், டயரில் நூல் தெரிகிறதா, பிரேக் விளக்கு எரிகிறதா, வீல் நட்டுகள் டார்க் ரெஞ்ச்சுக்கு கிளிக் சொல்கின்றனவா. 460 குதிரைத்திறன் என்று எந்தக் காரின் உரிமையாளரும் அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று மட்டும் எல்லாரையும் கேட்டார்.

பிறகு கூட்டம். கொடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறார் ஒரு பெண்மணி. மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் கட்டுப்பாட்டோடு நிறுத்து. கறுப்பு என்றால் உள்ளே வா, பேச வேண்டும். நீலத்தில் மஞ்சள் கோடு என்றால் பின்னால் வேகமான கார் வந்திருக்கிறது, வழிவிடு. "பின்கண்ணாடியைப் பார்க்காதவர் நல்ல ஓட்டுநர் இல்லை" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் எழுதிக்கொள்ளும் முகத்தோடு இருந்தார்கள்.

சிவப்பு மஸ்டாங்குக்காரனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். அவனுக்கு வாய்த்த பயிற்றுநர், நரைத்த முடியை இறுகப் பின்னிய அம்மாள். ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் கருவியை இருவரும் மாட்டிக்கொண்டார்கள். ஏறுவதற்கு முன் அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, கூழாங்கல்லால் மண்ணில் ஒரு வளைவு வரைந்தார். எங்கே பிரேக், எங்கே திருப்பம், எங்கே உள்விளிம்பைத் தொடுவது, எங்கே வெளியே விடுவது. அவன் குனிந்து பார்த்தான். "நீங்க எங்கே பார்க்கிறீங்களோ கார் அங்கேதான் போகும். புல்லைப் பார்த்தா புல்லுக்கு. அடுத்த வளைவைப் பாருங்க." அவன் தலையாட்டினான். அவன் கை கட்டைவிரலைத் திருகிக்கொண்டிருந்தது.

நான் வேலிக்கு இப்பால் ஒரு மேட்டில் போய் நின்றேன். அங்கிருந்து தெரிவது ஓக் மரத்து வளைவு. பெரிய ஓக் ஒன்று அந்த வளைவின் உள்பக்கம் நின்றிருந்தது; ஓட்டுநர்கள் அதை அடையாளமாக வைத்துத் திரும்பினார்கள். 2013 ஜூலையில் மரம் விழுந்துவிட்டது. பெயர் மட்டும் விழவில்லை. வலப்பக்கம் இறுகத் திரும்பும் இந்த இடத்தைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்ப்பாதை. ஆகவே இந்த மெதுவான வளைவுதான் இங்கே வேகத்தைத் தீர்மானிக்கிறது. இதிலிருந்து வெளியேறும்போது மணிக்கு ஐந்து கிலோமீட்டர் கூடுதலாக எடுத்துக்கொண்டவர், அந்த ஐந்தை நேர்ப்பாதை நெடுகச் சுமந்துபோகிறார்.

முதல் சுற்றுகளில் எல்லாரும் ஒரே பிழையைச் செய்தார்கள். வேகமாக உள்ளே வந்து, பதறிப் பிரேக் அடித்து, காரின் மூக்கு திரும்ப மறுத்து வெளிப்பக்கம் ஒதுங்க, வெளியேறும்போது ஆக்சிலேட்டரை மிதிக்க முடியாமல் காத்திருந்தார்கள். எஞ்சின் உறுமல் தாமதமாக வந்தது. சுற்றுகள் போகப்போக அந்த உறுமல் முன்னுக்கு நகர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே யார் தேறுகிறார்கள் என்று தெரிந்தது. மஸ்டாங் ஆறாவது முறை வந்தபோது முன்னைவிட மெதுவாக உள்ளே நுழைந்தது, திரும்பியது, வளைவின் முக்கால் பங்கிலேயே எட்டு சிலிண்டரும் சேர்ந்து திறந்தன. ஜன்னலுக்குள் அந்த அம்மாளின் கட்டைவிரல் உயர்ந்தது தெரிந்தது.

அந்த நேர்ப்பாதையின் முடிவில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மஸ்டாங் ஜிடி சுமார் 1,700 கிலோ. அது மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 90-க்கு இறங்கும்போது ஏறக்குறைய 21 லட்சம் ஜூல் ஆற்றலை இழக்கிறது. ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. சில விநாடிகளில், பெரும்பாலும் நான்கு டிஸ்க்குகளில். அடுத்த சுற்றில் மறுபடியும். ஊர்ச்சாலையில் வருஷம் முழுக்க ஓட்டினாலும் ஒரு காரின் பிரேக் இந்தச் சோதனையைச் சந்திக்காது. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. சாதாரண டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155-க்கு வந்துவிடுகிறது. கொதித்தால் குமிழ். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, குமிழ் சுருங்கும். கால் பெடலை மிதிக்கிறது, பெடல் தரைவரை போகிறது, கார் நிற்பதில்லை. சோதனை மேசைக்காரர் அந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்டதன் காரணம் இதுதான்.

சேலஞ்சருக்கு அதுதான் நேர்ந்தது. ஹெல்கேட் வகை: 707 குதிரைத்திறன், எடை இரண்டாயிரம் கிலோ. அதை ஓட்டியவர் பெடல் தொய்வதை உணர்ந்ததுமே வேகத்தைக் குறைத்து, கையை உயர்த்திக் காட்டி உள்ளே வந்துவிட்டார். நல்ல முடிவு. காரை நிறுத்தியவர் கைப்பிரேக் போடவில்லை, சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். சூடேறிய டிஸ்க்கில் பேட் அழுந்தி நின்றால் அங்கேயே படிந்துவிடும். முன்சக்கரத்திலிருந்து கருகிய வாடை திடல் முழுக்க வந்தது. குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில், தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் கூப்பிடவில்லை. பக்கத்துத் தார்ப்பாயிலிருந்து ஒருவர் பந்தயத்துக்குரிய பிரேக் ஆயில் டப்பாவோடு வந்தார். அது 300 டிகிரிக்கு மேல் தாங்கும். இன்னொருவர் ஜாக்கி கொண்டுவந்தார். நீலச் சட்டைக்காரப் பெண் ஒரு ரப்பர் குழாயும் காலி பாட்டிலும் எடுத்துவந்து, கேட்காமலே சக்கரத்துக்கடியில் படுத்தார். டிஸ்க் ஆறும்வரை காத்திருந்து, பிறகு பிரேக்கிலிருந்து ஏர் எடுத்தார்கள்.

"அழுத்துங்க."

"அழுத்தியாச்சு."

"அப்படியே பிடிச்சுக்குங்க... ம்... விடுங்க."

குழாயில் பழுப்புத் திரவமும் அதனூடே குமிழ்களும் வந்தன. நான்கு சக்கரத்துக்கும் இதே மூன்று சொல். முடிந்ததும் சேலஞ்சர்காரர் பணப்பையை எடுத்தார். டப்பாக்காரர் கையை ஆட்டி மறுத்து, அடுத்த தடவை இன்னொருவருக்குக் கொடுங்கள் என்பதுபோல் திடலைச் சுட்டிக்காட்டினார். இந்த உலகத்தில் நான் கண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பழக்கம். ஓடும்போது ஒருவரை ஒருவர் முந்த நினைப்பவர்கள்தான் நின்றதும் ஒருவர் காருக்கடியில் ஒருவர் படுக்கிறார்கள்.

முந்துவதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. புதியவர்கள் வளைவில் முந்தக் கூடாது. நேர்ப்பாதையிலும், முன்னால் போகிறவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, எந்தப் பக்கம் வரலாம் என்று விரல் காட்டினால்தான் முந்தலாம். அதற்காகவே இரண்டு ஜன்னல்களும் இறக்கியிருக்க வேண்டும். மசில் காருக்கு இங்கேதான் சோதனை. பிற்பகலில் ஒரு சின்ன மாஸ்டா மியாட்டா, சேலஞ்சரின் பின்னால் வளைவுக்கு வளைவு ஒட்டிக்கொண்டு வந்தது. நேர்ப்பாதை வந்ததும் 707 குதிரைத்திறன் அதை வெகுதூரம் பின்னே தள்ளியது. அடுத்த வளைவில் மறுபடி ஒட்டியது. கொடிக்காரர் நீலக் கொடியை ஆட்டினார். அடுத்த சுற்றில் சேலஞ்சரின் ஜன்னலிலிருந்து ஒரு பருத்த கை வெளியே வந்தது, விரல் இடப்பக்கம் காட்டியது, எஞ்சின் சத்தம் அடங்கியது. மியாட்டா கடந்துபோனது. வலது காலைத் தூக்காமல் வழிவிட முடியாது என்பதை அந்தப் பெரிய மனிதர் அந்த நேரத்தில் கற்றுக்கொண்டார். திடலுக்கு வந்ததும் அவரே போய் மியாட்டாக்காரப் பெண்ணிடம் கைகொடுத்தார்.

கடைசிச் சுற்றுகளில் சிவப்பு மஸ்டாங் சுழன்றது. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்துவிட்டான். எடை முன்னே சாய்ந்தது, பின்சக்கரங்கள் பிடி விட்டன, பின்பக்கம் முன்பக்கத்தைத் துரத்தியது. கிளட்ச்சையும் பிரேக்கையும் ஒருசேர மிதித்தான், சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. கார் புல்லில் பின்னோக்கிச் சறுக்கி நின்றது. மோதல் இல்லை. உள்ளே வந்ததும் ஓர் அதிகாரி ஜன்னலருகே குனிந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "என்ன நடந்தது? ஏன் நடந்தது? அடுத்த தடவை என்ன செய்வீங்க?" இவ்வளவுதான் கேட்டார். அவன் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு சக்கரத்தில் சிக்கியிருந்த புல்லைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தார். ஓர் இளைஞனுக்குத் தன் பிழையைத் தானே வாய்விட்டுச் சொல்ல இடம் கொடுத்த அந்த அரை நிமிடத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

இதே கார்களை இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேறு கோலத்தில் பார்த்தேன். அரங்கம் ஒன்றின் பெரிய வாகன நிறுத்தத் திடல். அதில் ஆரஞ்சுக் கூம்புகளை நட்டு உண்டாக்கிய பாதை. இதுதான் ஆட்டோகிராஸ். அமெரிக்க விளையாட்டுக் கார் மன்றமான எஸ்சிசிஏ 1944-ல் தொடங்கியது. அதன் கிளைகள் நாடெங்கும் இதை நடத்துகின்றன. தேசியப் போட்டி நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில், பழைய விமானப் படைத் தளத்தின் காங்கிரீட்டில் நடக்கிறது. அமெரிக்க மசில் கார்களுக்கென்றே அதில் தனிப் பிரிவுகள் உண்டு.

ஒரு நேரத்தில் ஒரு கார் அல்லது இரண்டு, போதிய இடைவெளி விட்டு. ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. வேகம் நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டுவது அரிது. நாள் முழுக்க வெயிலில் நின்று ஐந்தாறு நிமிடம்தான் ஓட்டக் கிடைக்கிறது. ஆனால் அந்த நிமிடங்களுக்காக முதலில் எல்லாரும் பாதையைக் கால்நடையாகச் சுற்றுகிறார்கள். சிலர் உதட்டை அசைத்தபடி, சிலர் கண்ணை மூடிக் கைகளால் இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி. ஒவ்வொரு கூம்பின் அடியிலும் சுண்ணக்கட்டிக் கோட்டில் ஒரு கட்டம். கூம்பு சாய்ந்தாலோ கட்டத்தைவிட்டு முழுதாக வெளியேறினாலோ இரண்டு விநாடி தண்டம். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிவரை அளக்கும் விளையாட்டில் இரண்டு விநாடி என்பது அன்றைய நாளையே இழப்பது.

இங்கே மசில் காரின் உடம்பே அதற்கு எதிரி. மஸ்டாங்கின் அகலம் 1.9 மீட்டருக்கு மேல். கமாரோவின் ஜன்னல்கள் குறுகல், பானெட் உயரம், பக்கத்தில் நிற்கும் கூம்பு கண்ணுக்கே தெரியாது. கூம்புகளுக்கு இடமும் வலமுமாகப் பின்னிப் போகையில் அந்தப் பெரிய உடல் மியாட்டாவைவிட அதிக தூரம் அசைய வேண்டியிருக்கிறது. வெள்ளிக் கமாரோ அங்கும் வந்திருந்தது. முதல் ஓட்டத்தில் மூன்று கூம்புகள் பறந்தன. டயர் அலறியது, புகை கிளம்பியது, பார்த்தவர்கள் கைதட்டினார்கள்; நேரம் மோசம். கடைசி ஓட்டத்தில் சத்தமே இல்லை. ஸ்டீயரிங் திரும்பியதும் தெரியவில்லை, பிரேக் பிடித்ததும் தெரியவில்லை. யாரும் கைதட்டவில்லை. அதுதான் அந்தக் காரின் அன்றைய மிகக் குறைந்த நேரம்.

ஓடி முடித்தவர்கள் உடனே வீட்டுக்குப் போக முடியாது. சட்டைக்குமேல் மஞ்சள் அங்கி மாட்டி, கையில் சிவப்புக் கொடியும் தீயணைப்பானுமாகப் பாதையோரம் நின்று, அடுத்தவர் தள்ளிய கூம்பை ஓடிப்போய்க் கட்டத்துக்குள் வைக்க வேண்டும். வேலை செய்தால்தான் ஓட்டம் கணக்கில் சேரும். சற்றுமுன் 455 குதிரைத்திறனைக் கையில் வைத்திருந்த பெண், கமாரோவை நிறுத்திவிட்டு, வெயிலில் குனிந்து சுண்ணக்கட்டிக் கோட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

சேலஞ்சர் 2023 டிசம்பரோடு நின்றது. கமாரோவும் அதே மாதத்தோடு நின்றது. பழைய வகையில் இன்னும் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருப்பது மஸ்டாங்தான். இருக்கிற கார்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ராத்திரி சிக்னலில் பக்கத்துக் காரோடு மல்லுக்கட்டி அவற்றை ஓட்டுபவர்களும் இருப்பார்கள்; அந்தச் சாலைகளில் அவர்கள் மட்டும் சாவதில்லை, பால் வாங்கப் போனவரும் சாகிறார். 400 குதிரைத்திறனைக் கடையில் யாருக்கும் விற்கிறார்கள். அதை நிறுத்தக் கற்றுக்கொடுக்கும் இடம் இதுபோன்ற திடல்கள்தான்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் வேலை கிடைத்ததும் ஆசையாக ஒரு மஸ்டாங் வாங்குகிறார்கள். ஆசையில் தவறில்லை. நெடுஞ்சாலையில் அதன் பலத்தைப் பார்க்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் ஆட்டோகிராஸுக்குப் போங்கள். பெரும்பாலான இடங்களில் ஹெல்மெட் அங்கேயே இரவல் கிடைக்கும். பெரிய தடத்துக்குப் போவதானால் முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். உங்கள் வழக்கமான இன்சூரன்ஸ் அங்கே செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் செல்லாது. பெயர் கொடுக்கும்போதே புதியவர் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து இருக்கையில் உட்கார ஒருவர் வருவார்.